தவறியவர்

என் கணவர் இறந்த பிறகு அவருடைய அலுவலகத்திடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் ஒரு தடவை அவருக்காக எழுந்து அசையாமல் நிற்க வேண்டும். அங்கே யார் இறந்தாலும் அப்படி நிற்பது வழக்கம். செடிகளுக்குத் தண்ணீர் விட்டவர் இறந்தபோதும் நின்றார்கள். வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே இறந்துபோன தட்டச்சர் ஒருவருக்கும், அவர் முகம் யாருக்கும் சரியாக நினைவில்லாவிட்டாலும், நின்றார்கள். ஆகவே நான் பெரிதாக எதையும் கேட்டுவிடவில்லை. எழுந்து நிற்பதில் அவர்களுக்கும் ஆட்சேபணை இல்லை. நாற்காலிகளை அப்புறப்படுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அசையாமல் என்ற இடத்தில்தான் சிக்கல்.

அது எடையளவு அலுவலகம். கடைக்காரர்கள் தங்கள் தராசுகளையும் எடைக்கற்களையும் லிட்டர் குவளைகளையும் அங்கே கொண்டுவந்து, சோதனை முடித்து, முத்திரை குத்தி வாங்கிப் போக வேண்டும். சோதிப்பவர்களில் என் கணவரும் ஒருவர். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், உள்ளே குடைந்து மெழுகு அடைத்த கல், அடிப்பாகத்தை உட்புறமாகத் தட்டி எழுப்பிய குவளை என்று ஊரில் உள்ள எல்லாப் பித்தலாட்டமும் அவர்களுக்கு அத்துப்படி. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அன்று பிடிபட்ட புதுத் தந்திரத்தைச் சொல்வார். திருடனைப் பிடித்த அதிகாரியின் குரலில் அல்ல, நல்ல பாட்டுக் கேட்டுவிட்டு வந்தவரின் குரலில். "பயல் மூளைய பாரு, அம்சமா வேலை பண்ணியிருக்கான்" என்பார். அபராதமும் போட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்.

இப்படி இருந்த அலுவலகத்தில் ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. திங்கட்கிழமை முதல் அலுவலகத்தில் 'அசைவத் திட்டம்' அமலுக்கு வருகிறது, அனைவரும் கூடத்துக்கு வர வேண்டும் என்று அதில் இருந்தது. நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். ஓர் உகரம் விட்டுப்போனால் என்னவெல்லாம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை யாரும் சாப்பாடு எடுத்துப் போகவில்லை. என் கணவரும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னைக்கு ஆபீஸ்லயே போடறாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்தில் இலையும் இல்லை, தட்டும் இல்லை. ரப்பர் கைப்பட்டைகள்தான் குவித்து வைக்கப்பட்டிருந்தன. கையில் கட்டிக்கொண்டு அசைந்தால் அந்த அசைவைப் புள்ளிகளாக மாற்றிக் கூடத்தில் இருந்த பெரிய திரைக்கு அனுப்பும் பட்டைகள். அது அசைவுத் திட்டம். இயக்குநர் எங்கோ ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது, உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் சீக்கிரம் செத்துப்போகிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. பசியோடு நின்ற கூட்டத்தின் முன்னால் அவர் பேசினார்.

"என்னை நீங்க இயக்குநர்னு கூப்பிடுறீங்க. ஏன்? நான் இயங்குறேன்னு இல்ல. உங்களை இயக்குறேன்னு. இன்னையிலேர்ந்து இந்த ஆபீஸ்ல யாரும் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டாம். வேலை பார்க்காம இருந்தாக்கூட நான் மன்னிச்சிடுவேன். உட்கார்ந்தா மன்னிக்க மாட்டேன்."

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் லிஃப்ட்டில் ஏறித் தன் அறைக்குப் போனார். அவர் போன பிறகு லிஃப்ட் பூட்டப்பட்டது. சாவி அவரிடம். அவருடைய கைப்பட்டை அவருடைய டிரைவரின் கையில். பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பதுதான் நல்ல நிர்வாகம் என்று அந்தப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம்.

எல்லாரையும் அணிகளாகப் பிரித்தார்கள். மின்னல், அருவி, சூறாவளி, எரிமலை. எரிமலை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கணக்குப் பிரிவினர் அந்தப் பெயரை முந்திக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள். என் கணவர் சூறாவளி. அந்த அணிக்கு கேப்டன் அவருடைய நண்பர்.

இந்த நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே மேசை, சாப்பாட்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிடுவார்கள். எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்தவர் முதல் வார்த்தையே "தங்கச்சி, காப்பி கிடைக்குமா?" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன், என் கணவருக்கு மச்சான். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவர் பயந்துபோய் உட்கார்ந்திருக்க, அவருக்கும் சேர்த்து நடந்தவர் இவர்தான். அவர் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் என்னைக் கேட்காமல் நடக்காது. சுருக்கமாகச் சொன்னால், யாரையாவது நம்ப வேண்டும் என்றால் நான் முதலில் நம்பியிருக்கக்கூடிய ஆள். நம்பவும் செய்தேன்.

திட்டத்தின் விதி எளிமையானது. வாரத்துக்கு இவ்வளவு புள்ளி என்று இருக்கும். அதை எட்டியவர் 'நடந்தவர்'. எட்டாதவர் 'தவறியவர்'. அணியில் ஒருவர் தவறினாலும் மொத்த அணியும் தவறியதாகக் கணக்கு. தவறிய அணி சனிக்கிழமை ஊக்க அமர்வுக்கு வர வேண்டும். அமர்வு என்று பெயர் இருந்தாலும் அங்கே யாரும் அமரக் கூடாது. திட்டத்தை நடத்துவதற்கென்றே வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட நலவாழ்வு அலுவலர், ஒரு சின்னப் பெண், எல்லாரையும் கை தட்டிக்கொண்டே குதிக்க வைப்பாள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவளே ஒரு தடவை கை தட்டிக்கொள்வாள். அப்படித் தட்டினால் அவளுக்கும் புள்ளி ஏறும்.

எல்லாரும் நிறைய அசைய வேண்டும் என்பதற்காக அலுவலகத்தையும் மாற்றி அமைத்தார்கள். முத்திரைகள் தரைத்தளத்தில், முத்திரை குத்தும் மை நான்காம் மாடியில். தண்ணீர் மேலே, கழிப்பறை கீழே. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமானால் பேனா ஒரு மாடி, காகிதம் ஒரு மாடி. வெளியிலிருந்து வருகிற கடைக்காரர்களும் வரிசையில் நின்றால் அலுவலகத்தின் சராசரி குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதனால் வரிசை நிற்காது, முற்றத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கும். தராசைத் தலையில் வைத்துக்கொண்டு பகல் முழுக்கச் சுற்றிய மீன்காரம்மா ஒருத்தி என் கணவரிடம் கேட்டாளாம்: "ஏன் சாமி, என் தராசை சோதிக்க வரச் சொன்னீங்களா, என்னையே சோதிக்க வரச் சொன்னீங்களா? இந்த நடையை நான் கூடைய தூக்கிக்கிட்டுத் தெருவுல நடந்திருந்தா மீனாவது வித்திருக்கும்."

அவர் இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

அவருக்கு இதயத்தில் கோளாறு. அதற்கு முந்தைய வருடம் ஒரு தடவை படுத்து எழுந்திருந்தார். சமதரையில் மெல்ல நடக்கலாம், மாடிப்படி மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு நான் நலவாழ்வு அலுவலரைப் பார்க்கப் போனேன். அவள் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் தூக்கியபடி அதைப் படித்தாள்.

"ஆன்ட்டி, இதயம்னா என்ன?" என்று கேட்டாள்.

நான் தாளில் டாக்டர் எழுதிய வரியைக் காட்டினேன்.

"அது ஒரு தசை. நம்ம அணியில அதுவும் ஒரு உறுப்பினர். அது சோம்பேறித்தனம் பண்ணா நாம விட்டுக் கொடுக்கலாமா? ஊக்கப்படுத்தணும்." ஒரு கைதட்டல்.

"படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் தெளிவா சொல்லியிருக்காரும்மா."

"அந்த டாக்டர் நாள் முழுக்க உட்கார்ந்துதானே வைத்தியம் பார்க்கிறாரு? உட்கார்ந்திருக்கிறவங்க சொல்றதை நாங்க எடுத்துக்கிறதில்ல ஆன்ட்டி." இன்னொரு கைதட்டல்.

அப்போதுதான் எல்லா அணிகளின் புள்ளிகளும் திடீரென்று ஏறத் தொடங்கின. பிறர் தந்திரங்களைப் பிடிப்பதிலேயே ஆயுளைக் கழித்தவர்கள் அவர்கள். தங்களுக்கென்று ஒரு தேவை வந்தபோது அந்தப் படிப்பு வீண்போகவில்லை. மின்னல் அணியில் ஒருவர் பட்டையைத் தன் நாயின் கழுத்தில் கட்டினார். அருவி அணியில் ஒருவர் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தார். இன்னொருவர் பேரக் குழந்தையின் தூளியில் முடிந்துவிட்டார். நாய் ஒரு நாள் வெளியே போனது, திரும்பவில்லை. அந்த வாரம் மின்னல் முதலிடம். நாய்க்காரருக்கு ஒரே குழப்பம். வீட்டில் நாயைக் காணோம் என்று அழுகை, அலுவலகத்தில் பாராட்டு.

என் கணவர் மட்டும் மறுத்துவிட்டார். "கல்லை குடைஞ்சவனுக்கு அபராதம் போட்டுட்டு வந்து, நானே குடையறதா?" என்றார். சூறாவளி இரண்டு வாரம் தொடர்ந்து தவறியது. சனிக்கிழமைகளில் மற்றவர்கள் குதிக்க, இவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், அந்த நாய், மெஷின் எல்லாம் மத்த டீமோட போகட்டும். நம்ம டீம்ல அத்தனை பேரும் நிஜமாவே நடக்கிறோம். உன்னை மாதிரிதான், சுத்தமா. உன் ஒருத்தனாலதான் எல்லாரும் தவறிப் போறோம். கொஞ்சம் முயற்சி பண்ணக் கூடாதா?"

"எனக்கு மூச்சு வாங்குது மச்சான்."

"மெதுவா ஏறு. யாரு உன்னை ஓடச் சொன்னா?"

நான் சமையலறையிலிருந்து வந்தேன். "அண்ணா, டாக்டர் சொன்னது உங்களுக்கே தெரியும். நீங்கதானே அன்னைக்குக் கூட இருந்தீங்க."

"தங்கச்சி, நான் இருக்கேன்ல? அவன் ஒரு படி ஏறினா நானும் ஒரு படி ஏறுவேன். அவன் நின்னா நிப்பேன். அவனை விட்டுட்டு ஒரு அடி எடுத்து வைப்பேனா?"

அவர் சொன்ன விதத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. இன்னொரு டம்ளர் காப்பி கொடுத்தேன்.

அடுத்த வாரம் சூறாவளி தவறவில்லை. அதற்கடுத்த வாரமும் தவறவில்லை. என் கணவர் மாலையில் வந்ததும் பேச முடியாமல் கொஞ்ச நேரம் கட்டிலில் கிடப்பார். "அவங்க எல்லாரும் எவ்வளவு நடக்கிறாங்க தெரியுமா?" என்பார், மூச்சு திரும்பியதும். "திரையில பார்த்தா ஆச்சரியமா இருக்கு. எங்கேயும் கண்ணுல படவே மாட்டாங்க, ஆனா புள்ளி மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. நான்தான் கடைசி." வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வார்.

ஒரு வியாழக்கிழமை முத்திரை மை எடுத்துவர நான்காம் மாடிக்குப் போனவர், கடைசித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்தார். அந்த அலுவலகத்தில் பல மாதங்களில் ஒருவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அதனால் பார்த்தவர்கள் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள், தண்டனையில் தாங்களும் மாட்டக் கூடாதென்று. யாரோ தொட்டுப் பார்த்தபோது உயிர் இல்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணன்தான் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்த்தார். அழுதார். என் கணவரின் மணிக்கட்டிலிருந்து பட்டையை அவரே கழற்றினார். "பத்திரமா வெச்சிருக்கேன் தங்கச்சி" என்றார். எதற்கு என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பார்த்தவர்கள் மாட்டிக்கொள்ளப் பயந்து மேலே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று நலவாழ்வு அலுவலரின் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். வேறு சொல் எழுதக் கை வரவில்லை. எல்லாரும் எழுதுவதைத்தான் எழுதினேன்: "என் கணவர் நேற்று தவறிவிட்டார்."

உடனே பதில் வந்தது. "கவலை வேண்டாம்! தவறுவது மனித இயல்பு. அடுத்த வாரம் புத்துணர்ச்சியோடு எழுந்து வருவார் என்று நம்புகிறோம்." பக்கத்தில் முறுக்கிய புஜத்தின் படம் ஒன்று.

என் மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, செத்துட்டார்னு எழுதும்மா. அவங்களுக்கு அப்படிச் சொன்னாதான் புரியும்" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் எழுதவில்லை. போனில் கூப்பிட்டேன்.

"ஆன்ட்டி, மெசேஜ் பார்த்தேன். மனசை விடாதீங்க."

"அவர் போயிட்டாரும்மா."

"சூப்பர்! எவ்வளவு தூரம்?"

"திரும்பி வர மாட்டாரும்மா."

"ஓ, அப்படின்னா நெடுந்தூரப் பிரிவுல பதிவு பண்ணிடட்டுமா?"

அப்போது சொல்லிவிட்டேன். செத்துவிட்டார் என்றே சொன்னேன். மறுமுனையில் முதல் தடவையாகக் கைதட்டல் கேட்கவில்லை. ஏதோ பொத்தான்களை அழுத்தும் சத்தம் கேட்டது.

"இல்லையே ஆன்ட்டி," என்றாள் கடைசியில். "இன்னைக்குக் காலைலேர்ந்து அவர் நல்லா நடந்துக்கிட்டிருக்காரே."

அந்த வாக்கியத்தைக் கேட்ட ஒரு கணம் எனக்கு என்ன ஆனது என்று எழுத முடியாது. வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தோம். போனைக் கையில் பிடித்தபடியே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகும் அலுவலகத்தில் யாரும் அவருக்காக நிற்கவில்லை என்று தெரிந்தது. நேரில் கேட்கலாம் என்று போனேன். கூடத்துத் திரையில் என் கணவர் பெயர் எல்லாருக்கும் மேலே பச்சையில் எரிந்துகொண்டிருந்தது. நலவாழ்வு அலுவலர் என்னைத் திரைக்கு முன்னால் அழைத்துப் போனாள்.

"பாருங்க ஆன்ட்டி. முன்னாடி எப்பவும் கடைசி. இப்ப முதலிடம்! இந்த மாதிரி ஒரு முன்னேற்றத்தை நான் பார்த்ததே இல்ல. இவருக்குப் போய் நிக்கச் சொல்றீங்களே. நடக்கிறவங்களுக்கு நாங்க எப்படி நிக்க முடியும்?"

அண்ணன் தூரத்தில் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நான் பின்னாலேயே போனேன். தராசுகளைப் பூட்டி வைக்கும் பின்கட்டு அறைக்குள் நுழைந்தார், நானும் நுழைந்தேன். அங்கே மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் இல்லாத அறை, மூன்று இறக்கை விசிறி. ஒவ்வோர் இறக்கையிலும் ரப்பர் பட்டைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. எடை பிசகாமல், இடைவெளி பிசகாமல். அந்த வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. அது அவர்கள் தொழில்.

"அவரோடதும் இதுலதான் இருக்கா?"

"தங்கச்சி, கோபப்படாம கேளு. ஒரு இறக்கையில ஒண்ணு குறைஞ்சுதா, விசிறி ஒரு பக்கமா ஆடிக்கிட்டே இருந்துச்சு. எப்ப கழண்டு விழுமோன்னு பயம். அவனோடதைக் கட்டினதும் ஆட்டம் நின்னுடுச்சு."

நான் இறக்கைகளைப் பார்த்தேன். சூறாவளி அணியில் எத்தனை பேரோ அத்தனை பட்டைகளும் அங்கே இருந்தன.

"எல்லாரும் நிஜமா நடக்கிறோம்னு சொன்னீங்களே அண்ணா."

அவர் விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"அவர் ஒரு படி ஏறினா நீங்களும் ஏறுவீங்கன்னு சொன்னீங்க."

"உனக்கு இது புரியாது தங்கச்சி. கடைக்காரன் எப்படி ஏமாத்துவான் தெரியுமா? எல்லாக் கல்லையும் குடைஞ்சான்னா முதல் நாளே மாட்டிக்குவான். ஒரு கல்லை மட்டும் சரியா வெச்சிருப்பான். அதிகாரி வந்தா அதைத்தான் முதல்ல எடுத்து நீட்டுவான். மேல இருக்கிறவங்க எங்க டீமை சோதிக்கணும்னு வந்தா காட்டுறதுக்கு நிஜமா நடக்கிறவன் ஒருத்தன் வேணும். அவனை விட்டா யாரு இருக்கா? பொய் சொல்லத் தெரியாதவன் அவன் ஒருத்தன்தானே?" குரல் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. "அவன் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை தங்கச்சி."

இத்தனை வருஷம் என் வீட்டில் சாப்பிட்டவர் கை இப்போது எதை எடுத்துச் சோதனைக்கு நீட்டியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"கழட்டிக் கொடுங்க" என்றேன்.

"இந்த மாசம் முடியட்டுமே. இன்னும் கொஞ்ச நாள்தான். அவன் இருந்திருந்தா அவனே விட்டுக் கொடுத்திருப்பான்."

நான் நேராக இயக்குநரின் அறைக்குப் போனேன். மாடிப்படி ஏறித்தான் போனேன். கடைசித் திருப்பத்தில் கொஞ்சம் நின்றேன்.

இயக்குநர் ஓர் ஆழமான நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விசிறியைப் பற்றி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "விசிறியும் அலுவலகச் சொத்துதானே. அதுவும் இயங்கட்டும்" என்றார். பிறகு, "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.

"அவர் செத்துட்டாருன்னு எல்லாருக்கும் சொல்லணும். மத்தவங்களுக்கு நின்ன மாதிரி அவருக்காகவும் ஒரு தடவை நிக்கணும்."

"நிக்கிறதுலதான் சிரமம். நூறு பேர் ஒரே சமயத்துல அசையாம நின்னா திரையில என்ன தெரியும்? அலுவலகமே செத்துப்போன மாதிரி தெரியும். அந்தத் திரையை எனக்கு மேல இருக்கிறவங்களும் பார்க்கிறாங்க." யோசித்தார். முகம் மலர்ந்தது. "அஞ்சலியை நடந்தே செலுத்திட்டா என்ன? மௌனம் அப்படியே இருக்கட்டும், கால் மட்டும் போகட்டும். இதுவரைக்கும் எந்த அலுவலகத்துலயும் பண்ணாதது. உங்க வீட்டுக்காரர் பேரு நிலைச்சு நிக்கும்."

நிலைத்து நிற்கும் என்று அவர் சொன்னபோது நான் சம்மதித்துவிட்டேன். வேறு எதுவும் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது.

அந்த அலுவலகத்தில் மௌன அஞ்சலிக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. கூடத்தின் நடுவில் ஆள் உயரத்தில் ஒரு பழைய தராசு இருக்கிறது. மற்ற தராசுகளுக்கெல்லாம் மூத்தது, தட்டில் ஒரு தலைமுடியை வைத்தாலும் காட்டிவிடும். யாராவது இறந்தால் அதன் தட்டை விரலால் லேசாகத் தட்டிவிடுவார்கள். முள் இப்படியும் அப்படியும் ஆடி, ஆட்டம் குறைந்து, நடுவில் வந்து நிற்கும்வரை எல்லாரும் நிற்க வேண்டும். கதவுகளைச் சாத்திவிடுவார்கள். தரையில் யாராவது கால் மாற்றி நின்றாலே முள் மறுபடியும் ஆடத் தொடங்கிவிடும், அவ்வளவு நுட்பமானது. முள் நின்றால்தான் அஞ்சலி முடிந்ததாக அர்த்தம்.

அடுத்த நாளே எல்லாரையும் கூடத்துக்கு வரவழைத்தார்கள். அன்று விசிறியிலும் வீடுகளிலும் இருந்த பட்டைகள் எல்லாம் கைகளுக்குத் திரும்பியிருந்தன. எனக்கும் ஒரு பட்டை கட்டினார்கள், விருந்தினர்களும் கட்ட வேண்டுமாம். இயக்குநர் என் கணவர் இறந்துவிட்டார் என்று அறிவித்து, "உயிர் பிரியுற கடைசி நொடி வரைக்கும் அசைஞ்சுக்கிட்டே இருந்த ஒரே ஊழியர்" என்று புகழ்ந்தார். பிறகு தராசின் தட்டைத் தட்டிவிட்டு, முள்ளைப் பார்த்தபடி ஓர் ஓரமாக நின்றுகொண்டார். அவருக்குப் பதிலாக வழக்கப்படி அவருடைய டிரைவர் நடந்தார்.

நடந்தோம். தராசைச் சுற்றி ஒரு பெரிய வட்டமாக, மௌனமாக, நூறு பேர். முள் ஆடியது. இன்னொரு சுற்று. முள் ஆடியது. முதலில் நின்றுவிடும் போலத் தோன்றி, மறுபடி சிலிர்த்துக்கொண்டு ஆடியது. சுற்றுகள் கூடிக்கொண்டே போயின. சட்டைகள் நனைந்தன. யாரோ ஒருவர் சுவரைப் பிடித்தார், பக்கத்திலிருந்தவர் அவரைத் தள்ளிவிட்டார். இயக்குநர் முள்ளை உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரம் ஆகுமா?" என்று கிசுகிசுத்தார். நூறு பேர் நடக்கிற தரையில் அந்த முள் எந்தக் காலத்திலும் நிற்காது. அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். அந்தத் தராசில்தான் அவர்கள் தொழிலே படித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரையில் எல்லா அணிகளின் புள்ளிகளும் ஏறிக்கொண்டே இருந்தன.

எனக்குப் பக்கத்தில் யாரோ வந்து சேர்ந்தார்கள். அண்ணன். கண்கள் சிவந்திருந்தன, கன்னத்தில் ஈரம் இருந்தது. என் காதருகில் குனிந்தார். ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, கையைக் கொஞ்சம் வீசி நட. அவன் இடத்துல உன்னைத்தான் எங்க டீம்ல போட்டிருக்காங்க."

நான் நின்றேன்.

கோபத்தில் நிற்கவில்லை. கால் போகவில்லை, அவ்வளவுதான். பின்னால் வந்தவர் என் மேல் இடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர் அவர் மேல் இடித்து நின்றார். வட்டம் என்பதால் அது சுற்றிப்போய் எனக்கு முன்னால் இருந்தவர் வரைக்கும் வந்து சேர்ந்தது. ஒவ்வொருவராக நின்றார்கள். டிரைவரும் நின்றார். நலவாழ்வு அலுவலர் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மெல்லக் கீழே வைத்தாள். அண்ணன் மட்டும் நின்ற இடத்திலேயே குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அதுவும் நின்றது.

எங்கள் எல்லாருடைய மூச்சும் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. முள் ஒரு தடவை இடப்பக்கம் போனது, கொஞ்சமாக வலப்பக்கம் வந்தது, இன்னும் கொஞ்சமாக இடப்பக்கம் போனது. நடுவில் வந்து நின்றது.

திரையில் எல்லா எண்களும் அப்படியே நின்றிருந்ததை இயக்குநர் பார்த்துவிட்டார்.

"யாரு? யாரு முதல்ல நின்னது?" என்று கத்தினார்.

"என் வீட்டுக்காரர்" என்றேன்.